எண்பது பவுண்ஸ்

எங்கட ஊரில் பவுண் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கழுத்தில் கிடப்பது, மற்றது லண்டனில் உழைப்பது. 2023 செப்டெம்பரில் முதலாவதைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டு இரண்டாவதைத் தேடப் புறப்பட்டோம். தாலிக்கொடி, மாமியின் இரண்டு காப்பு, மகளுக்கு முப்பத்தொண்டுக்குப் போட்ட அரைப் பவுண் சங்கிலி. வங்கிக் கவுண்டரில் இருந்த பிள்ளை சங்கிலியைத் தராசில் வைக்கும்போது எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்தக் கிழமையில் எத்தனை வீட்டுச் சங்கிலியை நிறுத்திருப்பாவோ.

இதை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதுகிறோம். கணவன், மனைவி. விசாவுக்கு விண்ணப்பித்தது எங்களில் ஒருத்தி. பைல் தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்தது மற்றவர். ஆனால் ரிஜெக்ட் ஆனது இரண்டு பேருந்தான் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். 'நாங்கள்' என்று எழுத முடியாத இடமும் ஒன்று நடுவில் வரும். அதையும் மறைக்கப் போவதில்லை.

ஏன் போக நினைத்தோம் என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. 2022ஐ எல்லாரும் கண்டவர்கள்தானே. கொடிகாமத்தில் இருந்து சாவகச்சேரிக்குப் போய் போன் திருத்துகிற கடை வைத்திருந்தோம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போன காலத்தில் சோல்டரிங் அயனை என்ன செய்வது? அடுப்பிலா காய்ச்சுவது? கடையை மூடிவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றோம். அதே 2022 பெப்ரவரியில்தான் பிரித்தானியா முதியோர் பராமரிப்பாளர்களைத் தன் ஆள் தட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தது. டொக்டர், நேர்ஸ் இல்லாத ஆட்களும் போகலாம் என்று ஒரு கதவு திறந்தது. அந்தச் செய்தி எங்களிடம் வந்து சேர ஒரு வருசத்துக்கு மேல் ஆனது, அதுவும் வட்ஸ்அப் குறூப் வழியாக.

எங்களிடம் இருந்த தகுதி என்னவென்றால், அம்மம்மா. பாரிசவாதம் வந்து மூன்று வருசம் படுக்கையில் கிடந்தவ. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேணும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். அவவுக்குக் கடைசி வரைக்கும் படுக்கைப்புண் வரவில்லை. அந்தப் பெருமை எங்களில் ஒருத்திக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பராமரிப்பாளர் பயிற்சி ஒன்று முடித்தோம். கொழும்பில் போய் ஐ.ஈ.எல்.ரி.எஸ் எடுத்தோம். பி1 மட்டம் என்றால் நாலு பகுதியிலும் தலா 4 புள்ளி எடுத்தால் போதும். எங்களுக்கு ஐந்தரைக்குக் குறையவில்லை.

இன்ரவியூ வீடியோ கோலில் நடந்தது. மறுபக்கம் இருந்த அம்மா அம்மம்மாவைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டா. எழும்ப முடியாத ஆளைக் குளிப்பாட்டுவது எப்படி, சாப்பாட்டை விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு என்ன செய்வது, கோபத்தில் கையைத் தட்டிவிட்டால் என்ன செய்வாய். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சம்பளம் வருசத்துக்கு 20,960 பவுண்ஸ், மணித்தியாலத்துக்கு 10.75. பராமரிப்பாளர் விசாவுக்கு அப்போது விதி கேட்ட ஆகக் குறைந்த தொகை அது. எங்களுக்கு அது ஆகக் கூடிய தொகை போலத்தான் தெரிந்தது.

நடுவில் ஒரு ஏஜென்ட். பன்னிரண்டு இலட்சம் முற்பணம், விசா வந்த பிறகு இன்னும் பத்து. பிரித்தானியாவில் வேலை தேடுகிற ஆளிடம் வேலை எடுத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குவது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். இதை நாங்கள் வாசித்தது காசு கொடுத்த பிறகு. இலங்கையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வைத்திருக்க வேணும் என்பது முதலே தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் அவர் கோவிச்சு எங்களை விட்டிடுவாரோ என்ற பயம். யார் யாருக்குப் பயப்பட வேணும் என்பதே தலைகீழாகத்தான் இருந்தது.

நவம்பர் நடுவில் சி.ஓ.எஸ் வந்தது. ஸ்பொன்சர் பண்ணுகிற நிறுவனம் கொடுக்கிற சான்று. பெயர்தான் சான்றிதழ், உண்மையில் அது கணினியில் இருக்கிற ஒரு பதிவும் அதற்கொரு இலக்கமும். மூன்று மாதத்துக்குள் பாவிக்க வேணும், ஒருக்கால்தான் பாவிக்கலாம். ஏஜென்ட் அனுப்பிய பி.டி.எஃப்பை போனில் திறந்து பெயர் சரியா, பிறந்த திகதி சரியா என்று பார்த்தோம். ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கனடாவில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பினோம். சாமிப்படத்துக்கு முன்னால் போனை வைத்துக் கும்பிட்டோம். அந்தப் பி.டி.எஃப்பை முழுசாக வாசிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் விண்ணப்பம் போட்டோம். விசாக் கட்டணம் 284 பவுண்ஸ் மச்சானின் கார்ட்டில் போனது. இரவு பஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிட்டு அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினோம். எங்கட கணக்கு இதுதான்: முதலில் ஒருத்தி போவது, ஆறு மாதத்தில் மற்றவரும் மகளும் தங்கி வாழ்வோர் விசாவில் போய்ச் சேருவது. மகளுக்கு அப்போது நாலு வயது. "லண்டனில மழை பெய்தா பள்ளிக்கூடம் லீவோ?" என்று கேட்டாள்.

டிசம்பர் 4ஆம் திகதி அந்த நாட்டின் உள்துறை அமைச்சர் பாராளுமன்றத்தில் எழும்பி, இனிப் பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, அடுத்த வசந்த காலத்தில் இருந்து இந்த விதி வரும் என்று அறிவித்தார். எங்கட விண்ணப்பம் அதற்கு முன்னம் போனது. தப்பினோம் என்று நினைத்தோம்.

2024 ஜனவரி 23ஆம் திகதி ரிஜெக்ட் வந்தது.

கடிதத்தின் முதல் வரியிலேயே விசயம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கண் ஓடாது. அன்றைக்கு நாங்களும் வாசிக்கவில்லை. மாமி முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. இரவு ஒன்பது மணிக்கு ஏஜென்ட்டுக்கு எடுத்தோம். அவர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டுச் சொன்னார், "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, அப்பீல் போடுவம். லோயர் பீஸ் மூண்டரை இலட்சம் வரும். இல்லையெண்டா வேற கொம்பனியில புதுசா சி.ஓ.எஸ் எடுப்பம், அதுக்கு ஆறு. ஆனா ஒண்டு, குடும்பம் போகேலாது."

அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு இருந்து கடிதத்தை வாசித்தோம், ஒரு வரி விடாமல். வாசிக்க வாசிக்க ஒரு புதினம். கடிதத்தின் பெரும் பகுதி எங்களை ஏற்றுக்கொண்டிருந்தது. வேலை சரி, சம்பளம் சரி, ஆங்கிலம் சரி. வேலை விசாவுக்கு வேண்டிய 70 புள்ளியும் இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று. அங்கே இறங்கும்போது செலவுக்கு 1,270 பவுண்ஸ் கையில் இருப்பதாகக் காட்ட வேணும், அந்தக் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடந்திருக்க வேணும். நீங்கள் வங்கிக் கூற்று தரவில்லை, ஆகவே மறுக்கிறோம்.

நாங்கள் வங்கிக் கூற்று அனுப்பவில்லை என்பது உண்மை. "அது தேவையில்லை, கொம்பனி பொறுப்பெடுக்கும்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அவர் புளுகியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நீதானே அவரை நம்பினது" என்று சொன்னது அந்தக் காலைதான். பிறகு சண்டை பிடிப்பதற்கு ஆதாரம் தேடித்தான் சி.ஓ.எஸ் பி.டி.எஃப்பைத் திறந்தோம். அது கும்பிட்ட பிறகு திறக்காத பி.டி.எஃப். கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட ஒரு வரி. முதல் மாதம் இந்தப் பணியாளரின் பராமரிப்புச் செலவுக்கு நிறுவனம் உறுதியளிக்கிறதா? அதற்கு நேரே, ஆம்.

உயர் தரத்தில் இருக்கிற ஸ்பொன்சர் அப்படி உறுதியளித்தால் விண்ணப்பதாரர் வங்கிக் கூற்றுக் காட்டத் தேவையில்லை. அதுதான் விதி. நிறுவனம் 'ஆம்' போட்டிருக்கிறது. முடிவெடுத்த அதிகாரி அந்த வரியைப் பார்க்கவில்லை. நாங்களும் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. அவருக்கும் எங்களுக்கும் அந்த ஒரு ஒற்றுமை.

பிறகு 'அப்பீல்' என்ற சொல்லைத் தேடினோம். எங்கட ஊரில் எல்லாரும் அப்பீல் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் எங்களுக்கு அப்பீலே இல்லை. அப்பீல் என்றால் ஒரு நீதிபதிக்கு முன்னால் போவது. வெளிநாட்டில் இருந்து போடுகிற வேலை விசா மறுக்கப்பட்டால் அந்த உரிமை கிடையாது. இருப்பது நிர்வாக மீளாய்வு. அதே அலுவலகத்தில் வேறொரு அதிகாரி கோப்பை எடுத்து, முதல் அதிகாரி பிழை விட்டாரா என்று மட்டும் பார்ப்பார். புதுசாக ஒரு கடதாசி சேர்க்க விடமாட்டார்கள், அரிதான சில நிலைமைகளைத் தவிர. வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடிதம் கிடைத்ததில் இருந்து 28 நாள். ஒருக்கால்தான் கேட்கலாம். மீளாய்வு நடக்கும்போது புது விண்ணப்பம் போட்டால் மீளாய்வு தானாகவே கைவிடப்படும். லோயர் கட்டாயமில்லை, ஒன்லைனில் நாங்களே போடலாம்.

கட்டணம் 80 பவுண்ஸ். அன்றைய விலைக்கு ஏறக்குறைய 31,000 ரூபா. ஏஜென்ட் கேட்டது மூன்றரை இலட்சம்.

காசைவிடத் திகதி முக்கியம் என்று பிறகுதான் விளங்கியது. புதுசாகப் போட்டால் புதுத் திகதி, வசந்த காலம் வந்துவிட்டால் புது விதி, ஒருத்தி மட்டும்தான் போகலாம். மீளாய்வில் வென்றால் நவம்பரில் போட்ட அதே விண்ணப்பம் உயிர் பெறும், பழைய திகதியோடு. மகள் வருவதும் வராததும் அந்தத் திகதியில்தான் தொங்கியது.

முதல் இரவே கடிதம் எழுதினோம். மூன்று பக்கம். நகை அடகில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது, மாமிக்குப் பிரசர், 2009இல் நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கமாக முகாமுக்கு வந்த கதை, மகளின் வயது, எல்லாம் எழுதினோம். தமிழில் எழுதி ஆங்கிலமாக்க ஊரில் இளைப்பாறிய இங்கிலிஸ் ரீச்சரிடம் கொண்டுபோனோம். எங்கள் இருவருக்குமே படிப்பித்தவ. கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தா. நிலாவரைக் கிணறு மாதிரி ஆழமாக ஒரு பெருமூச்சு. பிறகு சொன்னா:

"பிள்ளையள், இதெல்லாம் உண்மை. எனக்குத் தெரியும். ஆனா அவங்கள் இதைக் கேக்கேல்லையே. கேள்வி ஒண்டுதான், அந்த அதிகாரி பிழை விட்டவரோ இல்லையோ. உங்கட கஷ்டத்தை எழுதினா அவர் சரியாச் செய்தவர், நீங்கள் இரக்கம் கேக்கிறியள் எண்டு வரும். அவர் சரியாச் செய்தவரே?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப ஏன் கெஞ்சுறியள்?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் நிற்கிறது. நிவாரணத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு, காணிக்கு, காணாமல் போன ஆட்களுக்கு என்று சின்ன வயதில் இருந்து எங்கட வீடுகளில் எழுதப்பட்ட கடிதங்கள் எல்லாம் கஷ்டத்தில் தொடங்கித் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்றுதான் முடிந்தவை. எங்களுக்குத் தெரிந்த ஒரே கடித வடிவம் அது. உரிமை இருக்கிற இடத்தில்கூடக் கெஞ்சத்தான் கை போகிறது.

ரீச்சர் சிவப்புப் பேனையால் மூன்று பக்கத்தையும் வெட்டினா. முகாம் போனது, மாமியின் பிரசர் போனது, மகளும் போனாள். மிஞ்சியது நாலு வசனம். மறுப்புக் கடிதத்தின் இன்ன பந்தியில் இன்ன காரணம் சொல்லப்படுகிறது. இன்ன விதியின்படி ஸ்பொன்சர் உறுதியளித்தால் அந்த ஆதாரம் தேவையில்லை. இன்ன இலக்கச் சி.ஓ.எஸ்ஸில் அந்த உறுதி இருக்கிறது. ஆகவே முடிவு பிழை, மீளப் பரிசீலிக்கவும். எங்கட முழு வாழ்க்கையையும் வெட்டின பிறகு கடிதம் பலமாகிவிட்டது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. கொஞ்சம் நோகவும் செய்தது.

பெப்ரவரி 11, இருபதாவது நாள். மாமி கலண்டரில் சுபநேரம் பார்த்துத் தந்தா, பகல் பதினொன்று பத்து. ரொறன்ரோவில் அது நடுச்சாமம். கார்ட் இலக்கத்துக்கு வருகிற ஓ.ரி.பியைச் சொல்வதற்காக மச்சான் நித்திரை முழித்து இருந்தான். "உங்கட நல்ல நேரம் என்ர கெட்ட நேரம்" என்று பகிடி விட்டான். எண்பது பவுண்ஸ் போனது.

எட்டு நாள் கழித்து, பெப்ரவரி 19ஆம் திகதி, புது விதிக்குத் திகதி அறிவித்தார்கள். மார்ச் 11. அந்த நாளில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. மகளை முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டோம், கடையைத் திறந்தோம், பின்னேரம் தேங்காய் துருவினோம். கதவு ஒன்று எங்கேயோ பூட்டுகிற சத்தம் மட்டும் நாள் முழுக்க மண்டைக்குள் கேட்டது.

பிறகு காத்திருப்பு. பதில் வரும் என்று சொல்லப்பட்ட காலம் போய், அதைப்போல இன்னொரு காலமும் போனது. சந்தைக்குப் போனால் மாம்பழம் விற்கிற அக்கா முதல் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "என்னவாம் லண்டன்?" நாங்கள் "இன்னும் வரேல்லை" என்று சொல்லப் பழகிவிட்டோம். அது பொய்யும் இல்லை.

அந்த நாட்டு அரசாங்கம் ஸ்பொன்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை இணையத்தில் எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறது, வேலை நாட்களில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எங்கட நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது காலை வழக்கம் ஆனது. சிலர் ராசிபலன் பார்ப்பது போல. பல்லாயிரம் பெயர் உள்ள பைலை இறக்கி, பெயரை அடித்துத் தேட, ஒரு வரி மஞ்சளாக ஒளிரும். இருக்கிறது. போனை வைத்துவிட்டுப் பல் தீட்டப் போவோம்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மஞ்சள் வரி வரவில்லை. எழுத்துப் பிழையாக்கும் என்று திரும்ப அடித்தோம். அடைப்புக்குறி, புள்ளி, எல்லாம் மாற்றிப் பார்த்தோம். இல்லை. பெயரே இல்லை. நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. இன்ரவியூ எடுத்த அம்மாவின் இலக்கம் வேலை செய்யவில்லை. ஏஜென்ட், "அது தற்காலிகமாத்தான் இருக்கும் தம்பி" என்றார். அந்தக் காலத்தில் நிறையப் பராமரிப்பு நிறுவனங்களின் உரிமம் இரத்தாகிக்கொண்டிருந்தது என்பதை நாங்களும் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆட்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்காமல் விட்டவை, காசு வாங்கிக்கொண்டு சி.ஓ.எஸ் விற்றவை என்று பல ரகம். எங்களுடையது எந்த ரகம் என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

'நாங்கள்' என்று எழுத முடியாத இடம் இதுதான். அந்த ஜூன் மாதம் எங்களில் ஒருத்தி, "வேற கொம்பனியில போவம், நான் தனியவே போறன், கடன் கட்டவேணும்" என்றாள். மற்றவர், "பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போவாய்?" என்றார். "நீங்கள் போறதெண்டா அந்தக் கேள்வியை ஆரும் கேப்பினமே?" என்று திரும்பி வந்தது. அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. எங்கட ஒழுங்கையில் மூன்று அப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போனீர்கள் என்று அவர்களை ஒருத்தரும் கேட்டதில்லை. மூன்று நாள் ஒரே வீட்டில் இரண்டு பேராக இருந்தோம். நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரிக்கு ஒரே மோட்டார்சைக்கிளில் போனோம். சமாதானம் என்று ஒன்றும் பேசவில்லை. விசயம் அப்படியே கிடக்கிறது, அதைச் சுற்றி நடக்கப் பழகியிருக்கிறோம்.

ஜூலை நடுவில் மீளாய்வின் முடிவு வந்தது. வென்றுவிட்டோம்.

முதல் முடிவில் பிழை நடந்திருக்கிறது, அந்த முடிவு மீளப் பெறப்படுகிறது, விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்படும், கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படும். ரீச்சரிடம் ஓடினோம். வாசித்துவிட்டு, "பாத்தியளே?" என்றா. மாமி சர்க்கரைப் பொங்கல் வைத்தா. எங்களுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாத கதை மாமிக்குத் தெரியாது.

ஆறு கிழமை கழித்து இரண்டாவது மறுப்பு வந்தது. இந்த முறை ஒரே பந்தி. ஸ்பொன்சரின் உரிமம் இரத்தாகிவிட்டது. உரிமம் போனால் அந்த நிறுவனம் கொடுத்த சி.ஓ.எஸ்ஸும் செல்லாது. சி.ஓ.எஸ் இல்லாமல் வேலை விசா இல்லை. இதை மீளாய்வு கேட்க நாங்கள் யோசிக்கவே இல்லை. ஏனென்றால் இந்த முறை அதிகாரி பிழை விடவில்லை. ஜனவரியில் அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் எங்களில் ஒருத்தி பெப்ரவரியில் அங்கே இறங்கியிருப்பாள். இறங்கியிருந்தால் ஜூனில் அந்த நிறுவனம் மூடுப்பட, புது ஸ்பொன்சர் தேடக் கொஞ்ச நாள் தவணையோடு தெரியாத ஊரில் தனியே நின்றிருப்பாள். எது நல்லது என்று கணக்குப் பார்த்து முடியவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்கிறவர்களுக்குத் தலையாட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஏஜென்ட் பன்னிரண்டில் மூன்று திருப்பித் தந்தார். மிச்சத்துக்குத் திகதி சொல்லிக்கொண்டே இருக்கிறார். முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசு கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு குரல் பதிவும் இரண்டு வட்ஸ்அப் மெசேஜும்தான் இருக்கிறது. 2025 ஜூலை 22இல் இருந்து பிரித்தானியா வெளிநாட்டில் இருந்து பராமரிப்பாளர்களைப் புதுசாக எடுப்பதையே நிறுத்திவிட்டது. அந்தக் கதவு மூன்றரை வருசம்கூடத் திறந்திருக்கவில்லை. நாங்கள் அதன் நிலைப்படியில் ஒரு வருசம் நின்றிருக்கிறோம்.

இப்போது எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சம்பளத்தைப் பவுண்ஸில் மாற்றிப் பார்ப்பதில்லை. மற்றவரின் கடை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை ஆட்கள் கடிதத்தோடு வருவார்கள். ரிஜெக்ட் ஆன பெடியள், பெட்டையள், இத்தாலி, லண்டன், அவுஸ்திரேலியா என்று. நாங்கள் லோயரும் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. காசு வாங்குவதில்லை, நம்பிக்கையும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருந்து வாசிப்போம். என்ன காரணம் சொல்லியிருக்கு? எந்தப் பந்தியில? அது உண்மையோ, பிழையோ? உண்மையெண்டா மீளாய்வுக்குக் காசு கரைக்காதே. பிழையெண்டா ஆதாரம் முதலே அனுப்பின கடதாசியில இருக்கோ? எத்தனை நாள் மிச்சம்? கொம்பனியின்ர பெயர் இன்றைக்கும் பட்டியலில இருக்கோ? வந்தவர்களில் பாதிக்கு மேல் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறார்கள். நாங்கள் சிரிப்பதில்லை.

ஒரு தங்கச்சி வந்தவள், கடிதம் எழுதிக்கொண்டே வந்திருந்தாள். நாலு பக்கம். தகப்பன் இல்லாதது, தம்பிமார் படிக்கிறது, வீட்டுக்குக் கூரை போடாதது. சிவப்புப் பேனையை எடுத்தோம். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தோம். பிறகு அவளிடம் சொன்னோம், "இதை வெட்டப் போறம். ஆனா கிழிச்சு எறியாதே, வீட்டில கொண்டுபோய் வை. இது அவங்களுக்கு எழுதிற கடிதம் இல்லை, ஆனா கடிதந்தான்."

எண்பது பவுண்ஸ் செப்டெம்பரில் மச்சானின் கார்ட்டுக்குத் திரும்பி வந்தது. "இதென்ன மச்சான், வெள்ளைக்காரன் காசு திருப்பித் தாறான்?" என்று எடுத்துக் கேட்டான். அவனுக்குத்தான் அந்தக் காசு சேர வேணும், அவன் வேண்டாம் என்று எங்களுக்கே அனுப்பிவிட்டான். கொண்டுபோய் மகளின் சங்கிலிக்கு வட்டி கட்டினோம். கவுண்டரில் அதே பிள்ளைதான் இருந்தா. இந்த முறை நிமிர்ந்து பார்த்து, "மீட்கேல்லையோ?" என்று கேட்டா.

"இன்னும் இல்லை."

ரசீதை வாங்கி, இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் பைலில் வைத்தோம்.